சிறிய அறைக்கு ஒரு ரிப்பன் ஸ்பீக்கர்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: "எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கும் அறை 12க்கு 14 அடி. நண்பர் வீட்டில் ஆளுயர ரிப்பன் ஸ்பீக்கரில் வயலின் கேட்டதிலிருந்து என் ஸ்பீக்கர் எதையோ மூடி மறைப்பதுபோலத் தோன்றுகிறது. ஸ்டாண்டில் வைக்கும் அளவில், முழுக்க ரிப்பனாலேயே ஆன ஸ்பீக்கரை நானே செய்ய முடியுமா? ரிப்பனின் நீளம், அகலம், தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும்? டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு? வூஃபர் அவசியம் என்றால் எந்த அதிர்வெண்ணில் பிரிப்பது?"

பதில்: காந்தங்களுக்கு நடுவே அசைந்து ஒலி எழுப்பும் மெல்லிய உலோகப் பட்டையைத்தான் ரிப்பன் என்கிறோம். முழுக்க அதனாலேயே ஆன சிறிய ஸ்பீக்கர் முடியாது. மேல் அதிர்வெண்களை ரிப்பனும் கீழ் அதிர்வெண்களை ஒரு சிறிய கூம்பு வூஃபரும் பகிர்ந்துகொள்ளும் ஸ்பீக்கர் முடியும், மிக நன்றாகவே முடியும். ஆனால் உங்கள் கேள்விகளின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, எந்த அதிர்வெண்ணில் பிரிப்பது என்று, அதை முதலில் முடிவு செய்யுங்கள். நீளம், அகலம், காந்தம், ரிப்பனுக்குப் பின்னால் இருக்கும் காற்றறை, வூஃபரின் அளவு எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து வரிசையாக இறங்கி வரும். பெரும்பாலானவர்கள் அழகான ரிப்பன் ஒன்றை முதலில் வாங்கிவிட்டு அதற்குப் பொருந்தும் வூஃபரைப் பிறகு தேடுகிறார்கள். அப்படிப் பிறக்கும் ஸ்பீக்கர்களில் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் இரண்டு வேறு கருவிகளாகவே ஒலிக்கின்றன.

காரணம் காற்றின் கணக்கில் இருக்கிறது. ஒரு பரப்பு எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தே ஒலியின் அளவு அமைகிறது. அதே அளவு ஒலியை ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், எழுப்ப வேண்டுமானால் அந்தப் பரப்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். மேல் அதிர்வெண்களை ஒலிக்கும் சிறிய ட்வீட்டர்களில் வழக்கமாகக் காணும் 60 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம் கொண்ட ரிப்பனை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 4.8 சதுர சென்டிமீட்டர். உங்கள் அறையில் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து, இசையின் உச்சங்கள் நசுங்காமல் கேட்க வேண்டுமானால், ஒரு ஸ்பீக்கர் 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் வரை தரவேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அகலமான முன்பலகையில் பொருத்திய அந்த ரிப்பன் 100 டெசிபலை 3 கிலோஹெர்ட்ஸில் தர, நடுநிலையிலிருந்து 0.09 மி.மீ. அசைந்தால் போதும். 2 கிலோஹெர்ட்ஸில் அது 0.2 மி.மீ. ஆகிறது. 1.5 கிலோஹெர்ட்ஸில் 0.35, 1 கிலோஹெர்ட்ஸில் 0.8, 500 ஹெர்ட்ஸில் 3 மி.மீ.க்கும் மேல்.

இத்தனைக்கும் இந்தக் கணக்கு முழுப் பரப்பும் ஒன்றுபோல அசைகிறது என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் ரிப்பனின் இரு முனைகளும் இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால் நடுப்பகுதி இன்னும் கூடுதலாக அசைய நேரும். இரு முனையில் பிடித்த மெல்லிய அலுமினியப் படலம் அரை மில்லிமீட்டருக்குள் அசையும்வரை நேர்மையாக நடந்துகொள்கிறது. அதைத் தாண்டினால் இழுவிசை அசைவோடு சேர்ந்து மாறத் தொடங்கி, இல்லாத ஒத்திசை அலைகள் ஒலியில் கலக்கின்றன; இன்னும் தள்ளினால் படலம் நீண்டு தொய்ந்துவிடும். ஆகவே இந்த அளவு ரிப்பனுக்கு 2.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரைதான் எல்லை. வயலினின் கீழ்த் தந்திகள், வாய்ப்பாட்டின் உடல், மிருதங்கத்தின் தொப்பி எல்லாம் இதற்குக் கீழே இருக்கின்றன. அவற்றையும் ரிப்பனே ஒலிக்க வேண்டுமானால் பரப்பைத்தான் கூட்ட வேண்டும். 1980களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இயங்கிய அப்போஜி நிறுவனம் அதைத்தான் செய்தது. அடிச்சுரம் வரை ரிப்பனாகவே இருந்த அவர்களுடைய ஸ்பீக்கர்கள் ஆளுயரப் பலகைகளாக நின்றதற்கு அழகியல் காரணம் எதுவும் கிடையாது. 40 ஹெர்ட்ஸில் தள்ளவேண்டிய காற்று அந்தப் பரப்பைக் கேட்டது. உங்கள் நண்பர் வீட்டில் நீங்கள் கேட்டதும் அப்படிப்பட்ட ஒன்றாகத்தான் இருக்கும்.

பிரிக்கும் அதிர்வெண்ணோடு சேர்த்து, எவ்வளவு செங்குத்தாகப் பிரிக்கிறோம் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஆக்டேவுக்கு 6 டெசிபல் குறைக்கும் எளிய கிராஸ்ஓவரை (ஒலியை ரிப்பனுக்கும் வூஃபருக்கும் பிரித்து அனுப்பும் மின்சுற்றை) போட்டால், அதிர்வெண் இறங்க இறங்க ரிப்பனின் அசைவு கூடிக்கொண்டேதான் போகும், ஏனென்றால் தேவைப்படும் அசைவு ஆக்டேவுக்கு 12 டெசிபல் வேகத்தில் வளர்கிறது. 12 டெசிபல் கிராஸ்ஓவர் அந்த வளர்ச்சியை நிறுத்தி ஒரே அளவில் வைக்கும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால்தான் பிரிக்கும் புள்ளிக்குக் கீழே அசைவு உண்மையிலேயே குறையத் தொடங்கும். "ஒரே ஒரு கெப்பாசிட்டர் போதும், ஒலி சுத்தமாக இருக்கும்" என்ற அறிவுரையைச் சிறிய ரிப்பன் விஷயத்தில் நான் அடியோடு மறுக்கிறேன். அப்படிக் கட்டிய ஸ்பீக்கரில் மெல்லிய குரல் கேட்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். தவில் ஓங்கி அடித்ததும் ரிப்பன் கரகரக்கும். ஹியூலட் பேக்கர்டில் பணியாற்றிய சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி ஆகியோர் 1970களில் வகுத்த, ஆக்டேவுக்கு 24 டெசிபல் குறைக்கும் நான்காம் படிப் பிரிப்பு இதற்கு மிகப் பொருத்தம். மின்சுற்றில் 18 டெசிபல் சரிவு வைத்து, மிச்சத்தை ரிப்பனின் இயல்பான சரிவிலிருந்து எடுத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து 24 ஆகிவிடும்.

இனி ரிப்பனுக்கு வருவோம். 1924ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் சீமென்ஸில் வால்டர் ஷாட்கியும் எர்வின் கெர்லாக்கும் கண்ட வடிவம்தான் இன்றுவரை மாறாமல் இருக்கிறது. இரு காந்தத் துருவங்களுக்கு நடுவே நெளிவு போட்ட மெல்லிய உலோகப் பட்டை. அதன் வழியாகவே மின்னோட்டம் பாய்கிறது. பட்டையே சுருள், பட்டையே அதிரும் பரப்பு. குவிமாட ட்வீட்டரில் சுருள் ஒரு விளிம்பைத் தள்ள, மற்ற பகுதி அதைத் தொடர வேண்டும். ரிப்பனில் விசை முழுப் பரப்பிலும் ஒரே நேரத்தில் பிறக்கிறது. இதில் ஒரு பகுதி முந்தி, ஒரு பகுதி பிந்தி, பரப்பு தன்னிச்சையாக அதிர்வதற்கு வாய்ப்பு குறைவு. பிளாஸ்டிக் படலத்தில் மெல்லிய கடத்தியைப் பதித்த தட்டைக் காந்த வகையும், ஆஸ்கர் ஹைல் 1970களில் கொண்டுவந்த மடிப்பு வகையும் கடைகளில் ரிப்பன் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. அவையும் நல்லவைதான், அவற்றுக்கு டிரான்ஸ்ஃபார்மரும் தேவைப்படுவதில்லை. ஆனால் இங்கே சொல்லும் கணக்குகள் உலோகப் பட்டையே தனியாக அசையும் வகைக்கு உரியவை.

தடிமன் பற்றிக் கேட்டீர்கள். மெல்லியதாக இருக்க இருக்க நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 10 மைக்ரான் தடிமனுள்ள நம் 60க்கு 8 மி.மீ. பட்டையின் எடை 13 மில்லிகிராம். ஓர் அங்குலக் குவிமாடமும் அதன் சுருளும் சேர்ந்து சுமார் 300 மில்லிகிராம் இருக்கும். இந்த வேறுபாடு மலைக்க வைப்பதுதான். ஆனால் ரிப்பன் தனியாக அசைவதில்லை; முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் காற்றையும் சுமந்துகொண்டே அசைகிறது. இந்தப் பரப்புக்கு அந்தக் காற்றின் எடை ஏறக்குறைய 10 மில்லிகிராம் வரும். பட்டையை 5 மைக்ரானாக மெலித்தால் பட்டையின் எடை பாதியாகும், காற்றின் எடை அப்படியே இருக்கும், மின்தடையோ இரண்டு மடங்காகும். கணக்கைப் போட்டுப் பார்த்தால், பட்டையின் எடை காற்றின் எடைக்குச் சமமாக இருக்கும்போதுதான் திறன் உச்சத்தில் நிற்கிறது. 8 முதல் 10 மைக்ரான் படலம் அந்த இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதைவிட மெல்லியதால் மேல் கோடியில் கொஞ்சம் கூடுதலாக எட்டலாம். பதிலுக்குச் சூட்டைத் தாங்கும் வலுவையும் கையாளும் வசதியையும் இழக்கிறீர்கள். வீட்டில் செய்பவருக்கு நான் 10 மைக்ரானையே சொல்வேன்.

அகலத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. ரிப்பனின் அகலம்தான் காந்த இடைவெளி. காந்தப் பாயம் அந்த முழு அகலத்தையும் காற்றின் வழியாகக் கடக்க வேண்டும். 8 மி.மீ. பட்டைக்கு இருபுறமும் 0.4 மி.மீ. இடம் விட்டு, நல்ல நியோடிமியம் சட்டங்களையும் பின்னால் சுற்றிவரும் மெல்லிரும்புப் பாதையையும் வைத்தால் 0.6 டெஸ்லா அளவில் புலம் கிடைக்கும் என்று கொள்ளலாம். அதே காந்தங்களோடு அகலத்தை 16 மி.மீ. ஆக்கினால் புலம் ஏறக்குறைய பாதியாகும். மொத்தத்தில் 3 டெசிபல் திறன் போய்விடும். பரப்பு இரட்டிப்பதால் அசைவு பாதியாகக் குறையும் என்ற ஆதாயம் உண்டு. அந்த ஆதாயத்தைக்கொண்டு பிரிக்கும் புள்ளியை அரை ஆக்டேவ் கீழே இறக்கலாம், அதற்குமேல் முடியாது. மெல்லிரும்புப் பாதையில் கஞ்சத்தனம் வேண்டாம். தகடு மெல்லியதாக இருந்தால் காந்தப்புலத்தில் தெவிட்டிப்போய், விலை கொடுத்து வாங்கிய காந்தத்தின் வலிமை வெளியே கசிந்து வீணாகும்.

சிறிய ரிப்பன் வீட்டுக்குள் வந்ததே நியோடிமியத்தால்தான். 1950களில் பிரிட்டனில் ஸ்டான்லி கெல்லி செய்த ரிப்பன் ட்வீட்டருக்குக் கனத்த காந்தமும், ஒலியைப் பெருக்க முன்னால் ஒரு கொம்பும் தேவைப்பட்டன. ஃபெரைட் காந்தத்தின் எஞ்சு புலம் (காந்தமாக்கிய பின் அதில் தங்கி நிற்கும் புலம்) 0.4 டெஸ்லா அளவுதான். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோவில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தை உருவாக்கியபோது அது 1.2, 1.3 டெஸ்லாவாக உயர்ந்தது. உள்ளங்கை அளவுச் சட்டகத்தில் போதிய புலம் கிடைத்தது அதன் பிறகே. சாதாரணத் தர நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் வலிமையை இழக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் நிக்கல் பூச்சில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சு போன இடத்தில் இந்தக் காந்தம் துருப்பிடித்துப் பொடியாக உதிரும்.

டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்பதற்கு ஒரே எண் பதில் சொல்லிவிடும். நம் பட்டையின் மின்தடை 0.02 ஓம். எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் இது நேரடிக் குறுக்குச் சுற்று. 20:1 சுற்று விகிதமுள்ள டிரான்ஸ்ஃபார்மர் இதை 400 மடங்காக்கி 8 ஓம் ஆகக் காட்டுகிறது. மறுபுறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: ஆம்ப்ளிஃபயர் 20 வாட் தரும்போது முதன்மைச் சுருளில் 1.6 ஆம்பியர், ரிப்பனில் ஏறக்குறைய 32 ஆம்பியர். சமையலறைப் படலத்தைவிடத் தடிமன் கூடாத ஒரு துண்டில் 32 ஆம்பியர்! இசையின் சராசரி சக்தி இந்தப் பகுதியில் ஓரிரு வாட்டைத் தாண்டாது என்பதாலும், இருபுறமும் காற்று இருப்பதாலும்தான் அது உருகாமல் பிழைக்கிறது. தொடர்ந்து 20 வாட் சைன் அலையைக் கொடுத்துச் சோதிக்கும் ஆசை வந்தால் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். வெப்பம் ஒலியிலும் தெரியும். அலுமினியத்தின் மின்தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறுகிறது. 50 டிகிரி சூடேறினால் 20 சதவீதம். ஒலி ஒன்றரை டெசிபல் தணிந்துவிடும்.

0.02 ஓம் உலகத்தில் நமக்குப் பழக்கமான அளவுகோல்கள் செல்லாது. இணைப்பில் 1 மில்லிஓம் தொடர்புத் தடை இருந்தால் 5 சதவீதச் சக்தி அங்கேயே போய்விடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ரிப்பனுக்குப் போகும் கம்பி 10 செ.மீ. நீண்டால், அதன் தூண்டல் 100 நானோஹென்றி அளவில் வரும். 20 கிலோஹெர்ட்ஸில் அது 0.0126 ஓம் எதிர்ப்பு, அதாவது ரிப்பனின் தடையில் பாதிக்கு மேல். ஒன்றரை டெசிபல் அப்படியே மறையும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் ரிப்பன் சட்டகத்தின் முதுகிலேயே ஒட்டியிருக்க வேண்டும். இரண்டாம் சுருளுக்குக் கம்பியைத் தவிர்த்து அகலமான செம்புப் பட்டையைச் சுற்றி, அதன் முனைகளையே ரிப்பன் பிடிப்புகளாக நீட்டினால் மிக நல்லது. வளைய வடிவ உள்ளகம் (கோர்), முதன்மையில் 40 சுற்று, இரண்டாம் நிலையில் 2 சுற்று என்று தொடங்கலாம். முதன்மைச் சுருளின் தூண்டல் 1.3 மில்லிஹென்றிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதன் எதிர்ப்பு 8 ஓமுக்கும் கீழே இறங்கி ரிப்பனுக்குப் போகவேண்டிய மின்னோட்டத்தைத் தின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் எப்போதும் இருந்தே ஆகவேண்டும். கிராஸ்ஓவரை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே டிஜிட்டல் முறையில் செய்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அப்போது கீழ் அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது வெறும் செம்புக் கம்பியை மட்டுமே. ஆம்ப்ளிஃபயரில் பழுது வந்து நேர்மின்னோட்டம் பாய்ந்தாலும் இந்தக் கெப்பாசிட்டர்தான் காவல்.

இதில் ஒரு வசதியும் உண்டு. உள்ளகமும் சுருளும் சரியாக அமைந்தால், கிராஸ்ஓவர் பார்க்கும் சுமை ஏறக்குறைய தட்டையான 8 ஓம் தடையாக இருக்கும். குவிமாட ட்வீட்டரில் இருக்கும் அதிர்வு முகடும், மேலே ஏறும் தூண்டலும் இதில் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. ஏட்டில் போட்ட கிராஸ்ஓவர் கணக்கு நிஜத்தில் அப்படியே நடப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சி ரிப்பனில் கிடைப்பதுபோல வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நீளத்தை முடிவு செய்வது உங்கள் நாற்காலிதான். உயரமான, ஒடுங்கிய பரப்பு ஒலியைப் பக்கவாட்டில் அகலமாகவும் மேலும் கீழும் குறுக்கியும் பரப்பும். உட்கார்ந்திருக்கும்போது காது ரிப்பனுக்கு நேரே இருக்கிறது என்று கொள்வோம். எழுந்து நின்றால் காது 60 செ.மீ. மேலே போகும்; இரண்டரை மீட்டர் தூரத்தில் அது 13 டிகிரிக்குச் சற்று அதிகம். 10 கிலோஹெர்ட்ஸில், 60 மி.மீ. ரிப்பன் அந்தக் கோணத்தில் இரண்டரை டெசிபல்தான் இழக்கும். 120 மி.மீ. ரிப்பன் 13 டெசிபல் இழக்கும், அதாவது எழுந்து நின்றால் ஜாலராவின் மினுமினுப்பு காணாமலே போய்விடும். நீள ரிப்பனுக்குப் பரப்பு இரட்டிப்பு, அசைவு பாதி என்ற கவர்ச்சி இருக்கிறது. ஒரே நாற்காலியில் தனியாகக் கேட்பவருக்கு அது சரியான தேர்வாகவும் இருக்கலாம். குடும்பத்தோடு, சிலர் தரையிலும் சிலர் சோபாவிலும் உட்கார்ந்து கேட்கும் அறைக்கு 60, 70 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம் என்பேன்.

செங்குத்தாகக் குறுகும் இந்தக் குணத்தை வெறும் குறையாகப் பார்க்கக் கூடாது. ரிப்பனின் ஒலியை "வேகம்" என்று புகழ்கிறார்கள். எடை குறைவு மட்டும் வேகத்தைத் தந்துவிடாது. ஒரே அதிர்வெண் வீச்சைச் சமமாகத் தரும் இரண்டு ட்வீட்டர்களின் வேகம் ஒன்றுதான். நம் வீடுகளில் தரை மொசைக் அல்லது டைல்ஸ், மேலே வெறும் கான்கிரீட் கூரை. இவ்விரண்டிலிருந்தும் திரும்பும் எதிரொலி ஒரு சில மில்லிநொடிக்குள் காதை அடைந்து நேரொலியோடு கலந்து அதை மங்கவைக்கிறது. ரிப்பன் மேல் அதிர்வெண்களில் தரைக்கும் கூரைக்கும் ஒலியைக் குறைவாகவே அனுப்புகிறது. நீங்கள் வயலினில் கேட்ட அந்தத் திறந்த தன்மையில் பெரும் பங்கு இதற்கு உரியது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது கிராஸ்ஓவர் அருகே நடக்கும் விஷயம். கடைகளில் கிடைக்கும் ரிப்பன் ஸ்டாண்ட் ஸ்பீக்கர்கள் பலவற்றை உண்மையில் கெடுப்பது இந்த இடம்தான். 13 செ.மீ. வூஃபர் 3 கிலோஹெர்ட்ஸில் நேரே தருவதைவிட, பக்கவாட்டில் 50 டிகிரி தள்ளி 6 டெசிபல் குறைவாகத் தரும். ஆறரை அங்குல வூஃபர் அந்த அளவுக்கு 38 டிகிரியிலேயே குறைந்துவிடும். 8 மி.மீ. அகல ரிப்பனோ அதே அதிர்வெண்ணில் பக்கவாட்டில் எதையும் இழக்காது. ஸ்பீக்கருக்கு நேரே அளந்தால் கோடு தட்டையாக வரும். பக்கவாட்டில் அளந்தால் வூஃபர் ஒடுங்கி, ரிப்பன் சட்டென விரிந்து, 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு எழும். அறைச் சுவர்களில் பட்டு உங்களை வந்தடைவது அந்தப் பக்கவாட்டு ஒலிதான். பெண் குரலில் சகர ஒலிகள் கூர்மையாகக் குத்துவதற்கும், "ரிப்பன் என்றாலே கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும்" என்ற பேச்சுக்கும் காரணம் ரிப்பனே அன்று, இந்தப் பொருத்தமின்மை.

தீர்வு இரண்டு இடத்தில் இருக்கிறது. வூஃபரை 13 செ.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். ரிப்பனின் இருபுறமும் கொம்புபோல வெளியே விரியும், ஆழமில்லாத ஒரு வாயை, அதாவது விரிவாயை, கொடுங்கள். பக்கவாட்டில் மொத்தம் 100 டிகிரி அளவுக்கு ஒலியை அடக்கும்படி அது இருக்க வேண்டும். 3 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 114 மி.மீ.; அந்த அலையை அடக்க விரிவாயின் வாய் 10 செ.மீ. அகலமாவது இருந்தால்தான் பலன். ஓரங்களை மழுங்கலாக உருட்டிவிடுங்கள். தேக்குத் துண்டில் உளியால் செதுக்கியும் செய்யலாம், முப்பரிமாண அச்சில் எடுத்தும் செய்யலாம். இந்த விரிவாய் கீழ்க்கோடியில் ரிப்பனுக்கு ஓரிரு டெசிபல் ஊக்கமும் தருவதால் அசைவு இன்னும் குறையும். வூஃபரின் மையத்துக்கும் ரிப்பனின் மையத்துக்கும் இடையே தூரம் 125 மி.மீ. அளவில் இருந்தால், இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும் கோணம் 27 டிகிரிக்குத் தள்ளிப்போகும். உங்கள் அறையில் யார் தலையும் அங்கே வராது. ஆகவே இரண்டையும் விளிம்போடு விளிம்பு ஒட்டிப் பொருத்துங்கள்.

ரிப்பனின் பின்னறையைப் பலரும் ஒரு மூடி என்றுதான் நினைக்கிறார்கள். பட்டையும் ஒட்டிய காற்றும் சேர்ந்து 23 மில்லிகிராமே உள்ள பொருளுக்கு அந்தச் சிறிய காற்றுத் திண்டு ஒரு வலுவான வில். 20 கன செ.மீ. பின்னறை ரிப்பனின் அதிர்வுப் புள்ளியை 1,300 ஹெர்ட்ஸுக்குத் தூக்கிவிடும். 100 கன செ.மீ. கொடுத்தால் 600 ஹெர்ட்ஸில் நிற்கும். 2.5 கிலோஹெர்ட்ஸில் பிரிப்பவர் அதிர்வுப் புள்ளியை 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: ரிப்பன் ஒலியை எளிதில் கடத்திவிடும் மெல்லிய திரை. பின்னால் போன ஒலி தட்டையான சுவரில் பட்டுத் திரும்பினால் ரிப்பன் வழியாகவே முன்னால் வந்துவிடும். பின்சுவரைச் சரிவாக அமைத்து, கம்பளி அல்லது நீள் இழைப் பஞ்சை ரிப்பனைத் தொடாமல், உள்ளே போகப் போக அடர்த்தியாக நிரப்புங்கள்.

வூஃபர் பெட்டி பற்றி நீட்ட வேண்டியதில்லை. 8, 9 லிட்டர், 18 மி.மீ. பிளைவுட், வூஃபர் தயாரிப்பாளர் தரும் அளவுகளின்படி துளைக் குழாய். ரிப்பனின் திறன் வூஃபரைவிட 6 முதல் 8 டெசிபல் கூடுதலாக இருக்கும். அதைத் தடைகளால் தணிக்க வேண்டும். முன்பலகை 20 செ.மீ. அகலம் என்றால் 575 ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் நழுவத் தொடங்கும். கிராஸ்ஓவரில் அதை ஈடுசெய்யாவிட்டால் ஸ்பீக்கர் மெலிந்து ஒலிக்கும். நாமோ அதற்கு ரிப்பனைக் குறை சொல்வோம். அடிச்சுரத்துக்கு ஒரு சப்வூஃபரை 80 ஹெர்ட்ஸில் சேர்ப்பது இந்த அளவுப் பெட்டிக்கு மிகவும் உதவும்.

கையால் செய்யும் பகுதியில் இரண்டு மூன்று விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நியோடிமியம் சட்டங்களை வெறும் கையால் எதிரெதிரே கொண்டுவராதீர்கள். பாய்ந்து ஒட்டும்போது விரலை நசுக்கும், இல்லாவிட்டால் தாமே உடைந்து சில்லுகள் தெறிக்கும். மர ஆப்புகளை இடையில் வைத்து மெல்ல இறக்குங்கள். ரிப்பனைப் பொருத்தும்போது எஃகு இடுக்கி அருகிலேயே வரக் கூடாது. காந்தம் அதை இழுக்க, அது படலத்தைக் கிழித்துவிடும். பித்தளை அல்லது பிளாஸ்டிக் இடுக்கி வையுங்கள். இரும்புத் தூள் பறக்கும் பட்டறை மேசையில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். இடைவெளிக்குள் புகுந்த தூளை வெளியே எடுப்பது பெரும்பாடு, ஒட்டும் நாடாவால் தொட்டுத் தொட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நெளிவு போட ஒரே அளவுள்ள இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையே படலத்தை உருட்டி எடுக்கலாம். நெளிவு குறுக்குவாட்டில் அமைய வேண்டும். அதுதான் நீளவாட்டில் நெகிழ்வையும் அகலவாட்டில் விறைப்பையும் தருகிறது. பிளேடால் வெட்டுவதானால் கண்ணாடிமேல் வைத்து, புது பிளேடால், ஒரே இழுப்பில் வெட்டுங்கள். ஓரத்தில் பிசிறு இருந்தால் துருவத்தில் உரசும். அலுமினியம் காற்றுப்பட்ட உடனே ஆக்சைடு பூசிக்கொள்ளும் உலோகம்; பிடிப்பில் இறுக்குவதற்குச் சற்று முன்னால் முனைகளைத் துடைத்து, வெள்ளீயம் பூசிய செம்புத் தகடுகளுக்கு நடுவே வைத்துச் சமமாகத் திருகுங்கள். இழுவிசை மிகக் குறைவாக இருக்கட்டும்: மெல்ல மூச்சு விட்டால் பட்டை அசைய வேண்டும், மூச்சு நின்றதும் நடுவுக்கே திரும்ப வேண்டும். சட்டகத்தைக் கிடத்தி வைத்தால் பட்டை தொய்யும் என்பதால் செங்குத்தாகவே சேமியுங்கள். முன்னால் மெல்லிய துணித் திரை ஒன்றைப் போட்டுவிடுங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடத்தில் ஸ்பீக்கரை வைக்காதீர்கள். வீட்டைப் பெருக்குபவரிடம் வாக்குவம் கிளீனரை அதன் அருகே கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

முதல்முறை ஒலிக்கவைக்கும்போது ஆம்ப்ளிஃபயரை ரிப்பனோடு இணைக்காமல் போட்டு, அணைத்து, "தொம்" என்ற அதிர்ச்சி வருகிறதா என்று சாதாரண ஸ்பீக்கர் ஒன்றில் பாருங்கள். வந்தால் அதைச் சரிசெய்த பிறகே ரிப்பனை இணையுங்கள். பிறகு அளவீட்டு மைக் ஒன்றை வைத்து நேரே மட்டும் அளக்காமல் 15, 30, 45, 60 டிகிரியிலும் அளந்து, அந்தக் கோடுகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக இறங்குகின்றனவா என்று பாருங்கள். 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே 45 டிகிரிக் கோட்டில் மேடு தெரிந்தால் கிராஸ்ஓவரைத் தொடாதீர்கள், விரிவாயைத்தான் திருத்த வேண்டும். நேர்க்கோட்டைத் தட்டையாக்குவது ஒரு மாலை வேலை. பக்கக் கோடுகளைச் சீராக்க வாரங்கள் பிடிக்கும், அந்த வாரங்களை அதற்கே கொடுங்கள். ஸ்டாண்டின் உயரத்தை ரிப்பனின் நடுப்பகுதி நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது காதுக்கு நேரே வரும்படி வெட்டுங்கள். தரையில் உட்கார்ந்து கேட்பவர்கள் அதிகம் என்றால் பெட்டியை ஓரிரு டிகிரி முன்னால் சாய்த்து வைத்தால் போதும்.